முற்றத்துச் சூரியகாந்தியும் பள்ளிக்கூடப் பாட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் கணிசமானவை வீட்டு வாசலில் பூத்த சூரியகாந்தியில் தொடங்கி, தொடக்கப்பள்ளியில் பாடிய பாட்டில் போய் நின்றிருந்தன. ஆடிப் பட்டத்தில் விதைத்தவர்களின் செடிகள் பூத்து நிற்கும் பருவம் இது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஐந்து கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்தில் இந்த ஆண்டுதான் முதன்முறையாகச் சூரியகாந்தி வைத்தோம். பூத்த நாளிலிருந்து, இரண்டாம் வகுப்பில் எங்கள் டீச்சர் சொல்லித்தந்த ஓர் அபிநயப் பாட்டு மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கைகளைக் குவித்து மொட்டாக வைத்து, மெல்ல விரித்து, கிழக்கிலிருந்து மேற்காக உடம்பைத் திருப்பி ஆடுவோம். மெட்டு முழுவதும் நினைவிருக்கிறது, கையசைவும் நினைவிருக்கிறது. சொற்கள்தான் முதல் இரண்டு அடிகளுக்குப் பிறகு வரவில்லை. மெட்டு நிற்கச் சொல் மட்டும் ஏன் போயிற்று? மீட்க வழி உண்டா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: சிறுவர் பாட்டில் மெட்டு என்பது இரண்டடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவது. எட்டடிப் பாட்டை ஒருமுறை பாடி முடிப்பதற்குள் மெட்டை நான்கு முறை பாடியாகிவிடுகிறது. சொற்களோ ஒவ்வோர் அடியிலும் புதியவை, அவற்றுக்கு அவ்வளவு பயிற்சி கிடைப்பதில்லை. மேலும், பாட்டின் சொற்கள் நினைவில் தனித்தனியாக இருப்பதில்லை. ஓரடியின் முடிவு அடுத்த அடியின் தொடக்கத்தை எழுப்பிவிடும் தொடராகவே அவை பதிந்திருக்கின்றன. நன்றாகத் தெரிந்த பாட்டிலேயே ஐந்தாம் அடியை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் மனத்துக்குள் முதலடியிலிருந்து பாடிக்கொண்டுதான் அந்த இடத்துக்கு வந்து சேர்வோம். தொடரில் ஒரு கண்ணி விட்டுப்போனால், அதற்குப் பின்னுள்ளவை அழியாமல் இருந்தும் கைக்கு எட்டாமல் போய்விடுகின்றன. ஆகவே உங்கள் பாட்டின் மிச்ச அடிகள் தொலைந்துவிட்டன என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாம் அடியின் முதற்சொல் ஒன்று கிடைத்தால், மற்றவை சேர்ந்தே வந்து நிற்கக்கூடும்.

அந்த முதற்சொல்லைத் தேடுவதற்குத் தமிழ்ப் பாட்டின் கட்டுமானமே துணை செய்யும். நம் சிறுவர் பாட்டுகளில் எதுகை பெரும்பாலும் தவறுவதில்லை. மூன்றாம் அடி நினைவில்லாமல் நான்காம் அடியின் தொடக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அச்சொல்லின் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது ‘வட்டம்’ என்றிருந்தால், மூன்றாம் அடியும் ‘பட்டு’, ‘கட்டி’, ‘தட்டி’, ‘எட்டு’ என்பன போன்ற ஒரு சொல்லில்தான் தொடங்கியிருக்கும். அந்த வரிசையை மெட்டோடு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உரிய சொல் வரும்போது நாக்கே அதை அடையாளம் கண்டுகொள்ளும். இதை உட்கார்ந்து யோசிப்பதைவிட எழுந்து நின்று, அன்று ஆடியபடியே ஆடிக்கொண்டு செய்வது நல்லது. நீங்கள் அந்தப் பாட்டைக் கையசைவோடு சேர்த்துத்தான் கற்றீர்கள். அசைவு வந்தால் அதனோடு கற்ற சொல்லும் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

அடுத்தபடியாக, உங்களோடு படித்தவர்களைத் தேடுங்கள். ஒருவருக்கு முதலடியும் மற்றொருவருக்குக் கடைசி அடியும் நிற்பது வழக்கம். நால்வர் சேர்ந்து பாடினால் ஒருவரிடம் விட்டுப்போன கண்ணியை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். பாட்டு பாடநூலில் இருந்ததாக உங்களுக்குத் தோன்றினால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பள்ளிப் பாடநூல்கள் படியெடுத்து வைக்கப்பட்டிருப்பதை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முற்பட்ட நூல்களுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் விசாரிக்கலாம். ஆனால் அபிநயப் பாட்டுகளில் பல அச்சில் வந்தவை அல்ல. ஆசிரியர் பயிற்சியின்போது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து, ஊருக்கு ஏற்ப ஒரு சொல்லை மாற்றி, வகுப்புக்கு ஏற்ப ஓரடியைக் கூட்டிச் சொல்லித்தந்தவை அவை. ஆகவே தோழிகள் இருவர் இரண்டு விதமாகப் பாடினால், எது சரி என்று வழக்காடாமல், யார் பாடியது என்ற குறிப்போடு இரண்டையும் எழுதி வையுங்கள். உங்கள் டீச்சர் இன்றும் இருக்கிறார் என்றால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: சூரியகாந்தி காலையில் கிழக்கையும் மாலையில் மேற்கையும் பார்க்கும் என்று பள்ளியில் பாடியிருக்கிறோம். எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. வாசலில் வைத்த எட்டுச் செடிகளும் நாள் முழுவதும் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. திண்ணையில் உட்கார்ந்தால் பூவின் முதுகுதான் தெரிகிறது. பாட்டு தவறா, செடியில் குறையா? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: செடியில் குறையில்லை. பாட்டும் பாதிக்கு மேல் உண்மையைத்தான் சொல்கிறது. கதிரவனோடு திரும்புவது வளர்ந்துகொண்டிருக்கும் இளஞ்செடியும் மொட்டும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக நீள்வதால் தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் கூடுதலாக நீள்வதால், விடிவதற்குள் அது மறுபடியும் கிழக்கே வந்துவிடுகிறது. வெயிலே இல்லாத இரவிலும் இந்தத் திருப்பம் நடப்பதற்குக் காரணம், செடிக்குள் இயங்கும் நாளொழுங்கு. பூ முழுமையாக விரிந்து தண்டின் வளர்ச்சி நின்றதும் திரும்புவதற்கு வழியில்லாமல், கிழக்கே முகம் வைத்தபடி அது நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைத் தெளிவாக விளக்கினார்கள். தொட்டியில் வளர்ந்த பூக்கள் சிலவற்றை வேண்டுமென்றே மேற்கே திருப்பி வைத்துப் பார்த்தபோது, கிழக்கு நோக்கிய பூக்கள் காலையில் விரைவாகச் சூடேறுவதும், அவற்றைத் தேடி ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாகத் தேனீக்கள் வருவதும் தெரியவந்தன.

உங்கள் வீட்டுக்கு வருவோம். கிழக்குப் பார்த்த வீட்டின் முன்வாசலில் சூரியகாந்தி வைத்தால், பூவின் அழகெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத்தான். மேற்குப் பார்த்த வீட்டில் அதே செடி திண்ணையை நோக்கி முகம் காட்டும். உங்களுக்குக் கொல்லையில் வெயில் விழும் இடம் இருந்தால் அடுத்த முறை அங்கே விதையுங்கள். பின்கட்டுக் கதவைத் திறந்ததும் பூக்கள் உங்களைப் பார்க்கும். தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்து வயல்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்: வயலுக்குக் கிழக்கே போய் நின்றால்தான் முகம் தெரியும்.

பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதிரவனை எதிர்கொண்டு திரும்பும் பூவைத் தமிழ்ப் புலவர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பாடியது தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் நெருஞ்சியை. சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி. 1969-இல் சோவியத் நாட்டு ரகங்கள் வந்த பிறகே எண்ணெய்வித்துப் பயிராக நம் நாட்டில் அது பரவியது. அதற்கு முன்பு இங்கே அது வீட்டிலும் பள்ளியிலும் அழகுக்காக வைத்த பூச்செடிதான். பள்ளிப் பிள்ளைகளின் பாட்டில் நெருஞ்சியின் இடத்தில் சூரியகாந்தி வந்து அமர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளின் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற பூ அது. ஆனால் இரண்டையும் அருகருகே காட்டிப் பாட வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 82. அல்சைமர் நோய் என்று மருத்துவர் சொல்லி நான்காண்டுகள் ஆகின்றன. இப்போதெல்லாம் என் பெயர் அவருக்கு நினைவில் இருப்பதில்லை. ஆனால் வாசலில் என் மகன் வைத்த சூரியகாந்திச் செடிகளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், சிறு வயதில் பள்ளியில் படித்த கவிமணியின் ‘பசுவும் கன்றும்’ பாட்டை முழுவதும் பாடுகிறார். அறைக்குள் பாடுவதில்லை. இது எப்படி முடிகிறது? பாட வைப்பது அவருக்கு நல்லதா, வீணாகத் தொந்தரவு செய்கிறோமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பெற்ற பிள்ளையின் பெயர் வராத வாயில் மூன்றாம் வகுப்புப் பாட்டு முழுதாக வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. அவருக்கு அந்தப் பாட்டின் மீதுள்ள பற்று உங்கள் மீது இல்லை என்று ஒரு நாளும் எண்ணிவிடாதீர்கள். பெயரை நினைவுகூர்வதும் பாட்டை நினைவுகூர்வதும் மூளையில் ஒரே வழியில் நடப்பவை அல்ல. நெடுங்காலம் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையில் எந்தப் பகுதிகள் இயங்குகின்றன என்று ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டது. அல்சைமர் நோயில் மற்ற பகுதிகளைவிடக் குறைவாகவும் தாமதமாகவும் பாதிக்கப்படும் பகுதிகளோடு அவை பெரிதும் ஒத்திருந்தன. உடலசைவுகளைத் திட்டமிடும் பகுதியும் அவற்றுள் ஒன்று. தாளம் தட்டி, கூட்டமாக நின்று, ஆண்டுக்கணக்கில் பாடிய பாட்டு அங்கே பத்திரமாக இருக்கிறது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) உங்கள் மாவட்டத்துத் தேரூரில் பிறந்தவர், ஆசிரியராகவே பணியாற்றியவர். பிள்ளைகளின் வாய்க்கு எது இலகுவாக வரும் என்பதை வகுப்பறையிலேயே அறிந்து எழுதியவர். சிறு சொற்கள், ஒரே அளவான அடிகள், அடி முடிவில் ஒத்து ஒலிக்கும் ஓசை ஆகிய எல்லாமே பாடுகிறவரை அடுத்த அடிக்குத் தாமாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பவை. உங்கள் அம்மாவுக்கு இன்று அந்த அமைப்பு கைகொடுக்கிறது.

பாட வைப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் முகம் தெளிந்து, உடம்பு தளர்ந்து, அமைதியாகிறார் என்றால் நல்லதுதான். அது நோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அரைமணி நேரம் அவர் அவராக இருக்கிறார் என்பதே போதுமானது. சில முறைகளைக் கடைப்பிடியுங்கள். “அடுத்த அடி என்னம்மா?” என்று கேட்காதீர்கள், அது தேர்வு, அவருக்குத் திகைப்பைத் தரும். நீங்களே முதலடியை அவருடைய சுருதியில், அவருடைய வேகத்தில் மெல்லத் தொடங்கி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திக் காத்திருங்கள். அவர் எடுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் நீங்களே முடித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுங்கள். ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் திருத்த வேண்டாம். பாடி முடித்ததும் “நான் யார் என்று தெரிகிறதா?” என்று கேட்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். பாடும்போது அவர் கண் கலங்கினால் பாட்டை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

வாசலில் மட்டும் பாடுவதற்குக் காலை வெளிச்சமும் திறந்த வெளியும் காரணமாக இருக்கலாம், மஞ்சள் பூக்களும் காரணமாக இருக்கலாம். அவற்றுள் எது என்று பிரித்துப் பார்க்க முயலாமல், அதே இடம், அதே நேரம், அதே நாற்காலி என்ற ஒழுங்கை அப்படியே காப்பாற்றுங்கள். ஒரு சூரியகாந்திப் பூ பத்து நாளில் வாடத் தொடங்கிவிடும் என்பதால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: ஐந்தாறு விதைகளை இப்போதும், அடுத்த ஐந்தாறு விதைகளை இரண்டு வாரம் கழித்தும் என்று தவணை முறையில் விதைத்துக்கொண்டே வாருங்கள். முதற்பூவுக்கு இரண்டு மாதம் ஆகும். அதுவரை இடைவெளி விழாமலிருக்க நாற்றங்காலில் கிடைக்கும் செவ்வந்தியோ துலுக்க சாமந்தியோ இரண்டு தொட்டி வாங்கி அந்த நாற்காலிக்கு எதிரே வையுங்கள்.

கேள்வி: என் பேத்தி ஆங்கிலப் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கிறாள். ஆங்கிலப் பாட்டுகள் இருபது பாடுவாள். தமிழில் ஒன்றும் தெரியாது. நான் சொல்லித்தந்தால் “இது போர், தாத்தா” என்கிறாள். ஆங்கில மெட்டிலேயே தமிழ்ச் சொற்களைப் போட்டுச் சொல்லித்தரலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். ஆங்கில மெட்டு அந்த மொழியின் அழுத்தத்துக்கு ஏற்ப அமைந்தது. அதில் தமிழை வைத்தால் குறிலை நீட்டவும் நெடிலைக் குறுக்கவும் நேரும். பிள்ளை மொழியைத் தவறான ஓசையோடு கற்றுக்கொள்வாள். உங்கள் பேத்திக்குத் தமிழில் ஒன்றும் தெரியாது என்பதும் உண்மையாக இராது. பள்ளி விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தைக் கேட்டிருப்பாள், கூடவே பாடியும் இருப்பாள். மோகன ராகத்தில் மூன்று மூன்றாக நடக்கும் அந்த மெட்டு ஐந்தே சுரங்களில் அமைந்தது. ஆறு வயதுக் குரலுக்கு நன்றாகப் பொருந்தும். அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989). புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் பிறந்து, வங்கி ஊழியராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு எழுதியவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய பாட்டுகளில் கதையும் வேடிக்கையும் இருப்பதால் ‘போர்’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பாரதியின் பாப்பா பாட்டைச் சற்றுப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; அதன் அறிவுரைகள் எட்டு வயதில்தான் பொருளோடு பிடிபடும். இன்னொன்று, தாத்தாவின் குரலுக்கு வசதியான சுருதி பேத்தியின் குரலுக்கு எட்டாத அடித்தளம். அவளைப் பாடச் சொல்லி, அவள் எடுக்கும் சுருதியில் நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் போலச் சொல்லித்தராமல், முற்றத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாடுங்கள். வாளி காலியாகும்வரை ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டால் மறுநாள் அவளே வாளியோடு வந்து நிற்பாள்.

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. வளாகத்தில் பிள்ளைகளோடு சூரியகாந்தி வளர்த்து, அதை வைத்தே பாட்டுகளும் சொல்லித்தர விரும்புகிறேன். சென்ற ஆண்டு வைத்த மூன்று செடிகளிலும் விதை பெரும்பாலும் பதராகிவிட்டது. மிச்சத்தைக் கிளி கொத்திவிட்டது. எப்போது விதைப்பது, எப்படிக் காப்பது? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: ஜூலை முதல் வாரத்தில் விதையுங்கள். ஆகஸ்டு இறுதியில் பூக்கத் தொடங்கும். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் பூ முழுவதையும் பிள்ளைகள் பார்த்துவிடலாம். ஏறத்தாழ 90 நாளில் விதை முற்றும். மூன்று செடி போதாது. சூரியகாந்தியில் பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தம் கிடைத்தால்தான் மணி நன்றாகப் பிடிக்கும். ஒரே காலத்தில் பூக்கும்படி இருபது செடிகளாவது வேண்டும். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விட்டு, விரற்கணு ஆழத்தில் குழிக்கு இரண்டு விதை ஊன்றி, முளைத்து இரண்டு வாரத்தில் வலுவானதை மட்டும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் பார்த்தீனியம் இருந்தால் முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும். சூரியகாந்தியைக் கருக்கும் நச்சுயிரி அந்தக் களையில் தங்கி, இலைப்பேன் வழியாகப் பரவுகிறது. அதன் மகரந்தமும் சாறும் ஒவ்வாமை தரும் என்பதால் பிள்ளைகளை அதைப் பிடுங்க விடாமல், பெரியவர்கள் கையுறை அணிந்து செய்யுங்கள்.

பூத்த பிறகு செய்ய வேண்டியதுதான் பிள்ளைகளுக்கு உரிய வேலை. ஒரு பூவின் தட்டை நெருங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்து மஞ்சள் இதழ் ஒவ்வொன்றும் விதை பிடிக்காத ஒரு தனிப் பூ. நடுவிலுள்ள ஒவ்வொரு சிறு குழலும் விதை பிடிக்கும் ஒரு பூ. ஐந்து நுனிகள் கொண்ட அந்தக் குழலின் நடுவே கருத்த மகரந்தத் தாளும், அதைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து இரண்டாகப் பிரிந்து சுருளும் சூல்முடியும் வெறுங்கண்ணுக்கே தெரியும். அவை ஒரே நாளில் திறப்பதில்லை. வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்குச் சில வரிசைகளாகத் திறந்துகொண்டே போகும். ஆகவே மகரந்தச் சேர்க்கையும் ஒருநாள் வேலையன்று. காலை ஒன்பது மணிக்கு மேல் பதினொன்றுக்குள், மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பூவின் தட்டை மென்மையாகத் தடவி, அதே துணியால் அடுத்த பூவைத் தடவ வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து முறை செய்தால் பதர் வெகுவாகக் குறையும். தேனீ நிறைய வந்தால் இதுவும் தேவையில்லை. பூச்சிக்கொல்லி மட்டும் தெளித்துவிடாதீர்கள்.

பாட்டையும் இந்த வரிசையிலேயே பிரித்துக்கொள்ளலாம். விதை ஊன்றும் வாரத்தில் எண்ணுப் பாட்டு. மொட்டு கதிரவனோடு திரும்பும் ஆகஸ்டு நடுவில் திசைகளைச் சொல்லும் அபிநயப் பாட்டு, அதைக் காலையிலும் மாலையிலும் செடியின் அருகிலேயே நின்று பாடுவது. தட்டு விரிந்த பிறகு வண்டும் தேனீயும் வரும் பாட்டு. முதற்கடிதம் எழுதிய வாசகியின் பாட்டைப் போன்ற ஒன்று உங்கள் ஊர்ப் பாட்டிமார் யாருக்காவது நினைவிருக்கும். அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்து, அவர் வாயாலேயே சொல்லித்தரச் செய்யுங்கள். பிள்ளைகள் பாடும்போது அவருக்கும் விட்டுப்போன அடிகள் வரும்.

கிளிக்கு, இதழ்கள் உதிரத் தொடங்கிய உடனே ஒவ்வொரு தலைக்கும் கொசுவலைத் துணியில் பை தைத்து மாட்டிவிடுங்கள். காகிதப் பை மழையில் நைந்துவிடும். தலையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறினால் அறுக்கலாம். இருபதில் ஒன்றிரண்டு தலைகளைப் பை மாட்டாமல் கிளிக்கே விட்டு, அவை வந்து கொத்துவதையும் வகுப்புச் சன்னலிலிருந்து பார்க்கச் செய்யுங்கள். விதை எடுத்ததும் நிழலில் உலர்த்தி, பிள்ளைக்கு ஐந்து விதை வீதம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கலப்பின விதையாக இருந்தால் மறு விதைப்பில் செடிகள் ஒன்றுபோல் வராது என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.